களத்துமேட்டில் நின்ற சங்கம்



குத்தகைச் சட்டம் என்றதும், "அது சர்க்கார் கொடுத்ததுதானே?" என்கிறோம். கொடுத்தது சர்க்கார்தான். கேட்டது யார்? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

பழைய தஞ்சாவூர் ஜில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய திருவாரூர், நாகை, மயிலாடுதுறை எல்லாம் அதில் அடக்கம். அங்கே பண்ணையாளுக்குச் சவுக்கடி உண்டு. சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவதும் உண்டு. எதிர்த்துப் பேச முடியுமா? குடிசை நிற்கிற மனையும் மிராசுதாருடையது. "காலி பண்ணு" என்று ஒரு வார்த்தை சொன்னால், பெண்டு பிள்ளைகளோடு வாய்க்கால் கரைதான் கதி.

அங்கேதான் பி. சீனிவாசராவ் வந்து விவசாயச் சங்கம் கட்டினார். கன்னட நாட்டுக்காரர். களப்பால் குப்பு போன்ற உள்ளூர்க்காரர்கள் கூட நின்றார்கள். 1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தமாயிற்று: சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது. கூலி உயர்வைவிட இதுதான் பெரிசு என்பது என் அபிப்பிராயம். அடிக்குப் பயந்தவன் அளவைப் பற்றி வாய் திறப்பானா?

பிறகுதான் அளவு வந்தது. 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். நூறு கலம் விளைந்தால் குத்தகைதாரருக்கு நாற்பது. 1956 நியாயக் குத்தகைச் சட்டப்படி நஞ்சையில் அறுபது. பிற்பாடு எழுபத்தைந்து.

சட்டம் வந்ததுமே நெல் வீட்டுக்கு வந்துவிட்டதா? இல்லைங்க. மரக்கால் காரியஸ்தர் கையில் அல்லவா இருந்தது! பத்துப் பேர் சங்கமாகக் களத்தில் நின்ற ஊரில் அளவு சரியாக விழுந்தது. ஆள் நிற்காத ஊரில் பழைய வாரம்தான் ஓடியது.

உச்சவரம்பு 1961-ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970-ல் 15. அதற்குள் எத்தனையோ வேலி நிலம் மைத்துனன் பெயருக்கும் மருமகன் பெயருக்கும் போய்விட்டது. அந்தச் சட்டத்தால் கிடைத்தது கொஞ்சம்தான்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலித் தகராறின் முடிவில், 44 பேர் குடிசைக்குள்ளேயே எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மறு வருஷம் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-ல் குடியிருப்புச் சட்டம். குடிசை நின்ற மனை குடியிருந்தவனுக்கே சொந்தமாயிற்று. "காலி பண்ணு" என்ற சொல்லுக்கு அன்றோடு பலம் போயிற்று.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1969 சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்யலாம். வாய்ப்பேச்சில் உழுகிறவர்கள் தாசில்தார் ஆபீசில் விசாரியுங்கள். நெல் அளந்த கையோடு ரசீது கேளுங்கள். நிலக்காரர் வாங்க மறுக்கிறாரா? வீட்டில் வைத்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். பாக்கி என்று சொல்லி வெளியேற்ற அதுவே சாக்காகிவிடும். வருவாய் நீதிமன்றத்தில் குத்தகையைக் கட்டிவிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.