ஹல்துமுல்லைச் சரிவில் ஒரு மைதானம்

இன்று உங்களை ஹல்துமுல்லைக்குப் பந்து விளையாட்டுப் பார்க்க அழைத்துப் போகிறேன்.

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் 99ஆம் இலக்க பஸ்ஸில் வலப்பக்க ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். பலாங்கொடை, பெலிஹுல்ஓயா தாண்டியதும் பாதை மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஏறும். களுப்பஹனையில் இறங்கி உள்ளே போனால் பம்பரகந்த நீர்வீழ்ச்சி. 263 மீற்றர், இலங்கையில் அதைவிட உயரமான அருவி கிடையாது. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். ஹல்துமுல்லையில் இறங்கி நின்றால் வலப்பக்கம் தரையே இல்லாதது போலிருக்கும். வெகு கீழே தெற்குச் சமவெளி. வானம் தெளிந்திருந்தால் உடவளவை நீர்த்தேக்கம் தகடு மாதிரி மின்னும். இடப்பக்கம் அண்ணாந்து பார்க்க வேண்டிய தேயிலை மலை.

சமதரை எங்கே என்று தேடிப் பாருங்கள். இருக்கிற கொஞ்சத்தில் தேயிலை ஸ்டோர் நிற்கும், தொழிலாளர் குடியிருக்கும் லயம் நிற்கும், கோயில் நிற்கும். அதனால்தான் ஒரு தோட்டத்தில் மைதானம் என்று ஒன்று இருந்தால் அதை அந்த மக்கள் சொத்து மாதிரி காக்கிறார்கள்.

நான் போனது தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை. அங்குள்ள ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் கிண்ணத்துக்கான இறுதிப் போட்டி. மலையை வெட்டி நிரவிய இடம். பதினொரு பேர் ஆடப் போதாது. அதனால் அணிக்கு ஏழு பேர். ஒரு பையன் பால்மா டின்னில் ஓட்டை போட்டு, சுண்ணாம்பைத் தூவிக்கொண்டே கோடு போட்டான். கோல் கம்பம் யூகலிப்டஸ் மரம். வலை, பழைய கொழுந்துச் சாக்குகளைப் பிரித்துத் தைத்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன், ஒரு கண்ணியில் காய்ந்த கொழுந்து ஒன்று இன்னும் சிக்கிக் கிடந்தது.

மைதானத்துக்குக் கீழ்ப்பக்கம் அப்போதுதான் கவ்வாத்து வெட்டிய மலை. வெட்டுப்பட்ட தேயிலை அடிக்கட்டைகள் ஈட்டி முனைபோல் நிற்கும். பந்து அதில் விழுந்தால் சில நேரம் அத்தோடு சரி. அதற்காகவே பத்துப் பன்னிரண்டு சிறுவர்கள் சரிவில் வரிசையாக நின்றார்கள். பந்து எல்லையைத் தாண்டும்போதே எங்கே விழும் என்று கணித்து, நடுவழியில் பாய்ந்து பிடிக்கிறார்கள். கோல் காப்பாளரைவிட அந்தப் பிள்ளைகளுக்கே அதிகம் கைதட்டினேன்.

கிண்ணம் என்றதும் மற்றக் கிண்ணங்களும் நினைவுக்கு வந்தன. இங்கிலாந்தில் 1871இல் தொடங்கிய எப்.ஏ. கிண்ணத்தில் இன்றும் ஓகஸ்ட் மாதம் முதலில் களம் இறங்குவது பெரிய லீக்குகளில் இடமில்லாத சிற்றூர் அணிகள்தான். 1888இல் சிம்லாவில் டுராண்ட் கிண்ணம் தொடங்கிய காலத்தில் அந்த மலையூருக்கு அன்னண்டேல் என்ற சமதரை வாய்த்திருந்தது. நம் நாட்டு எப்.ஏ. கிண்ணத்தை சோண்டர்ஸ், ரினௌன் போன்ற கொழும்பு அணிகள் பலமுறை தூக்கியிருக்கின்றன. அந்த அணிகள் ஆடும் கொழும்பு மைதானங்களுக்குப் பக்கத்துத் தெருவில்தான் இந்த மேல் டிவிசன் பிள்ளைகளில் மூன்று பேர் கடையில் வேலை பார்க்கிறார்கள். "அங்க ஆடுறதுக்கு லீவு ஏதுண்ணே? வருசத்துக்கு ரெண்டு தடவை இங்க வந்து ஆடுறதுதான்" என்றார் அவர்களில் ஒருவர், சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டே. அவருடைய இடது கால் உதையை நான் பார்த்தேன். எந்த லீக் அணியிலும் அதற்கு இடமுண்டு என்று முழு மனத்தோடு சொல்கிறேன்.

இடைவேளையில் தட்டுத்தட்டாக வடை, வாளியில் சாயத்தண்ணி, கூம்புப் பொட்டலத்தில் கச்சான். இந்த மலையில் ஆடி, ஆவணியில் வீசும் காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர். அந்தக் காற்றில் இங்கே பந்து ஆடவே முடியாதாம்.

இரண்டாம் பாதியில் மேகம் இறங்கியது. இரண்டு துளி விழுந்ததும் கரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் பந்தை விட்டுவிட்டு மலை உச்சியைப் பார்த்தார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். இதே ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில்தான் கொஸ்லந்தை மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29, தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரம். காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. காலடி மண்ணையே நம்ப முடியாத சரிவில் வாழ்கிறவர்களுக்குச் சொந்தக் காணியும் நிலையான வீடும் எவ்வளவு அவசரமோ, அந்தப் பிள்ளைகள் ஓடியாட ஒரு சமதரையும் அவ்வளவு அவசியம் என்று எனக்குப் படுகிறது.

நாங்கள் நின்ற மைதானத்தில் மழை வலுக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்து பெனால்டிக்குப் போனது. பனிமூட்டத்தில் எதிர்க் கோல் கம்பம் கண்ணுக்குத் தெரியவில்லை. உதைக்கிற சத்தம் கேட்கும். ஒரு கணம் நிசப்தம். பிறகு எந்தப் பக்கம் கூச்சல் கிளம்புகிறதோ, அதை வைத்துத்தான் கோலா இல்லையா என்று தெரிந்துகொண்டோம். கீழ் டிவிசன் வென்றது. தப்படித்தார்கள், கிண்ணத்தைத் தோளில் வைத்துக்கொண்டு லயத்துப் பக்கம் ஊர்வலமாகப் போனார்கள்.

கடைசிப் பெனால்டிப் பந்து மட்டும் கம்பத்தில் பட்டுக் கீழே போயிருந்தது. மைதானம் காலியான பிறகும் சரிவில் பிள்ளைகளின் பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. முச்சக்கரவண்டியில் ஏறக் காலை வைக்கிறேன், மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல்:

"இருக்குடா! ஓட்டை விழல!"