கூத்துக் களரியும் பிலிம் கழுவும் மருந்தும்



மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கூத்து அரங்கேறும் இரவுகளை நீங்கள் அறிவீர்கள். வட்டக் களரியைச் சுற்றி ஊரே அமர்ந்திருக்கும். வெளிச்சமோ மேலே தொங்கும் சில விளக்குகள் தருவதுதான். மின்வெட்டு விளக்கைக் கூத்தரின் கண்ணெதிரே பளிச்சிடச் செய்வது எனக்கு உடன்பாடன்று. ஆகவே கறுப்பு வெள்ளையில் படம் பிடிப்போர், டிரை-எக்ஸ், ஹெச்பி5 முதலிய, ஐ.எஸ்.ஓ. 400 வேகமுள்ள பிலிமையே நாடுகின்றனர். பிலிமைத் தெரிந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. அதைக் கழுவும் மருந்து எது என்பது மீதிப் பாதி.

இதை நான் நட்டப்பட்டே கற்றேன். படுவான்கரைக் கிராமமொன்றில் நடந்த வடமோடி அரங்கேற்றத்தை இரண்டு சுருள்களிற் பதிவு செய்தேன். 20 பாகை செல்சியஸில் ஏழரை நிமிடம் என்று குறிப்புத் தாள் கூறியது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், வெப்பமானியைப் பார்க்கவில்லை. வாளி நீரோ 30 பாகையை எட்டியிருந்தது. கிரீடத்தின் கண்ணாடித் துண்டுகளும் கூத்தரின் நெற்றியும் வெறும் வெள்ளைத் திட்டுகளாயின. நிழலில் மத்தளத்தோடு நின்ற அண்ணாவியாரின் முகமோ நெகட்டிவில் இல்லவே இல்லை. அடுத்த கூத்துக்கு முன்னரே அவர் காலமாகிவிட்டார்.

முதலாவது பிழை மருந்தைச் சாரும். இரண்டாவது பிழை என்னைச் சாரும். ஒளி படாத இடத்தில் எந்த மருந்தும் முகத்தை உண்டாக்கித் தராது. 'வேகத்தைக் கூட்டும் மருந்து' என்று கடையிற் சொல்லும்போது இதனை நினைவிற் கொள்ளுங்கள்.

டி-76 என்பது 1927 முதல் வழக்கிலுள்ள பழைய மருந்து. இல்போர்டின் ஐடி-11 அதற்கு நிகரானது. லீற்றருக்கு 100 கிராம் சோடியம் சல்பைற்று அதிலே கரைந்துள்ளது. அது வெள்ளி மணிகளின் விளிம்பைச் சற்றே கரைத்து மென்மையாக்கும். சம அளவு நீர் கலந்தால் மணி சிறிது தெரியும், கூர்மை மிகும். நமக்கு அதனினும் பெரிய நன்மை நேரம் நீளுவதே. ஹெச்பி5 பிளஸ் பிலிமுக்கு 20 பாகையில் கலக்காத ஐடி-11 ஏழரை நிமிடம் கேட்கும். கலந்தது 13 நிமிடம் கேட்கும். 24 பாகையில் முன்னது ஐந்து நிமிடமளவுக்குக் குறுகிவிடும். அதற்கும் குறைந்தால் படம் திட்டுத் திட்டாக அமையக்கூடும். பின்னதற்கோ இன்னும் எட்டு ஒன்பது நிமிடங்கள் உண்டு. வெப்ப நாட்டில் வாழ்வோனுக்கு இந்த அவகாசம் பெரும் செல்வம்.

பகலிலே தோணியையும் வலைஞரையும் எடுக்க இதுவே போதும். களரிக்கு நான் மைக்ரோபென்னையே தெரிவேன். பெனிடோன் சேர்ந்த அம்மருந்து மங்கிய நிழலிலிருந்து கிடைக்கக்கூடியதைச் சற்று மிகுதியாகவே மீட்டுத் தரும். பிலிமை 1600 என்று கணித்து எடுத்தால் 20 பாகையில் 11 நிமிடம். மணி சற்றுப் பருக்கும். பருக்கட்டுமே! கூத்தரின் முகம் கிடைத்தாற் போதாதா?

இனி நீரைப் பற்றி. வாவியோரத்துக் கிணறுகள் சில உவர்ப்பானவை. மருந்து கரைக்கக் கொதிக்க வைத்து ஆற்றி வடித்த நல்ல நீரையே கொள்ளுங்கள். மருந்துப் போத்தலை ஈரத்துணி சுற்றி மண்பானை நீரில் வைத்தால், கச்சான் வீசும் நாட்களில் சில பாகை இறங்கும்; வாடைக்கால மழையிலே அவ்வளவு இறங்காது. மருந்தை மட்டும் பனிக்கட்டியாற் குளிர்வித்துவிட்டு, வெந்நீர் போன்ற குழாய் நீரிற் பிலிமை அலசாதீர்கள். அப்படிச் செய்தால் பிலிமின் மேற்பூச்சு சுருங்கி வெடிப்பு விட்டாற்போல் ஆகலாம். எல்லா நீரும் ஒரே வெப்பத்தில் இருப்பது, 20 பாகையை எட்டிப் பிடிப்பதிலும் முக்கியம். 24 பாகையில் நிலைநிறுத்த முடிந்தால் 24க்குரிய நேரத்தைக் கொடுங்கள். அரங்கேற்றச் சுருளைத் தொடுமுன், வீட்டு விளக்கின் கீழ் எடுத்த சிறு துண்டொன்றை அதே மருந்தில், அதே நீரிற் கழுவிப் பாருங்கள்.