உட்கார்ந்தா ஒரு பிரஷர், எழுந்தா ஒரு பிரஷர்

போன பகுதிக்கு வந்த கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருந்தது. "வீட்டில் பார்த்தா 128, கிளினிக்கில் பார்த்தா 150. எங்க வீட்டு மெஷின் ரிப்பேரா டாக்டர்?" பெரும்பாலும் மெஷின் நல்லாத்தான் இருக்கும். எப்படி உட்கார்ந்து எடுத்தீங்க, அன்னிக்கு என்ன மாத்திரை உள்ளே போயிருந்தது, இந்த ரெண்டையும்தான் முதலில் கேட்கணும்.

கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாடித் தொட்டித் தண்ணி கீழ்வீட்டுக் குழாயில் வேகமா வரும் இல்லையா, ரத்தத்துக்கும் அதே கணக்குதான். கை இதய மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருந்தா அளவு ஏழெட்டு கூடிக் காட்டும். மேலே தூக்கி வெச்சா அதே மாதிரி குறையும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 2024-ல் இதைச் சோதிச்சு வெளியிட்டாங்க. மேசையில் கை வெச்சு எடுத்த அளவோட ஒப்பிட்டப்போ, மடியில் வெச்சு எடுத்தா மேல் அளவு சுமார் 4 கூடுது. பக்கத்தில் தொங்கவிட்டா ஆறரை கூடுது. கேட்க சின்ன நம்பர். ஆனா 136 இருக்கிறவர் இதிலேயே 142 ஆகிடுவார், 140-ஐத் தாண்டினவர்னு சீட்டில் ஏறிடுவார். வாழ்நாள் முழுக்க ஒரு மாத்திரை போடறதா வேண்டாமா என்பது அந்த ஆறு புள்ளியில் நிற்குது.

கால் மேல் கால் போட்டா கூடும். பேசிக்கிட்டே இருந்தா கூடும். சிறுநீரை அடக்கிக்கிட்டு உட்கார்ந்தாலும் கூடும். பருமனான கைக்குச் சின்னப் பட்டையைச் சுத்தினா நிறையவே கூடும். டோக்கன் வாங்கி, படியேறி, மூச்சு வாங்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்த உடனே கையை நீட்டினா எந்த நம்பரும் வரலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் இப்போ வீட்டுக்கே வந்து பார்க்கிறாங்க, நல்ல விஷயம். அவங்க வந்தா திண்ணையில் நின்னுக்கிட்டே கையை நீட்டாதீங்க. ஒரு நாற்காலி எடுத்துப் போட்டு, சாய்ஞ்சு, அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்க.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்தது. எழுந்து நிற்கும்போது அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் ரத்தம் வரை வயித்துக்கும் காலுக்கும் இறங்கிடும். கழுத்து ரத்தக்குழாயில் இருக்கிற நரம்புகள் அதைக் கண்டுபிடிச்சு, நாடியைக் கூட்டி, குழாய்களைச் சுருக்கி சில விநாடியில் சரி பண்ணிடும். வயசானவங்களுக்கும், ரொம்ப நாள் சர்க்கரை உள்ளவங்களுக்கும், பார்க்கின்சன் உள்ளவங்களுக்கும் இந்த வேலை மந்தமாகிடும்.

என்கிட்ட வந்த ஒரு பெரியவருக்கு 74 வயசு. ஒரு இடத்தில் உட்கார வெச்சு எடுத்ததில் 152 வந்து, இன்னொரு பிரஷர் மாத்திரை சேர்த்திருக்காங்க. அதே மாசம் வேற இடத்தில் புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின், ராத்திரி படுக்கும்போது. ரெண்டு வாரம் கழிச்சு நடுராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவர் விழுந்து இடுப்பெலும்பை உடைச்சுக்கிட்டார். ஆபரேஷன் முடிஞ்சு என்கிட்ட வந்தப்போ, மகள் ஒரு மஞ்சப்பை நிறைய மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினாங்க. படுக்க வெச்சு எடுத்தேன், 138/80. வாக்கரைப் பிடிச்சு நிற்க வெச்சு ஒரு நிமிஷத்தில் எடுத்தேன், 104/64. அதுவரைக்கும் யாரும் அவரை நிற்க வெச்சு ஒரு தடவைகூட பார்க்கலை. எந்த மாத்திரையும் தனியா தப்பில்லை, ரெண்டும் சேர்ந்த ராத்திரிதான் பிரச்சினை.

டாம்சுலோசின், பிரசோசின் மாதிரி மாத்திரைகள், சிறுநீர் அதிகம் போக வைக்கிறவை, சில மனநோய் மருந்துகள் எல்லாமே நிற்கும்போது அழுத்தத்தை இறக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு. மூட்டுவலிக்குத் தினமும் டைக்ளோஃபினாக் போட்டா உடம்பில் உப்பு தேங்கி பிரஷர் ஏறும், பிரஷர் மாத்திரை வேலை செய்யறதும் குறையும். மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மாத்திரையும் ஏத்தலாம். இருமலுக்கு மாசக்கணக்கில் அதிமதுரம் சாப்பிட்டாலும் ஏறும். நாட்டு மருந்துதானே என்று டாக்டரிடம் சொல்லாம விட்டுடறாங்க, சொல்லணும்.

இன்னொரு பழக்கம் எனக்கு அலுத்தே போச்சு. வெறும் வயித்தில் ரத்தம் கொடுக்கணும் என்று பிரஷர் மாத்திரையையும் விட்டுட்டு வருவாங்க. அன்னிக்கு 160 வரும், டோஸ் ஏறும். சாப்பாட்டோட போடற சர்க்கரை மாத்திரையைத் தள்ளிப்போடலாம். பிரஷர் மாத்திரையைப் பொதுவா ஒரு வாய் தண்ணியோட போட்டுட்டே வரலாம், முந்தின நாளே உங்க டாக்டரிடம் கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

வீட்டில் பார்க்கிறவங்க ஏழு நாள் எடுங்க. காலையில் மாத்திரைக்கு முன்னாடி, சாயந்திரம் ஒரு தடவை, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷ இடைவெளியில் ரெண்டு அளவு. முதல் நாளை விட்டுட்டு மத்ததுக்குச் சராசரி போடுங்க. வீட்டு அளவுக்கு எல்லை 135/85. தலைச்சுத்து இருக்கிற பெரியவங்களுக்கு அஞ்சு நிமிஷம் படுக்க வெச்சு ஒண்ணு, எழுந்து ஒரு நிமிஷத்தில் ஒண்ணு, மூணாவது நிமிஷத்தில் ஒண்ணு. பக்கத்தில் ஒருத்தர் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ இறங்கினா அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்க. பயந்துபோய் நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க. குளோனிடின் மாதிரி சிலதை சட்டுன்னு விட்டா பிரஷர் தாறுமாறா ஏறும்.

ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, படுத்த படுக்கையா இருக்கிற மாமியாருக்கு எப்படி எடுக்கிறது என்று. படுக்கையிலேயே எடுக்கலாம்மா. கைக்குக் கீழே ஒரு தலையணை வெச்சு இதய மட்டத்துக்குக் கொண்டு வாங்க. நோட்டில் நம்பருக்குப் பக்கத்தில் 'படுத்து' என்றும், மாத்திரை கொடுத்த நேரத்தையும் எழுதிடுங்க.

அடுத்த பகுதியில் உப்பைப் பத்திப் பேசலாம்.