சாவி யார் பையில்?

(தென்காசியில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



விடுதலை பற்றிப் பேசுகிற மேடையில் லிஃப்ட்டைப் பற்றிப் பேச ஒருத்தனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஸ்பேனரும் கையுமா வந்தவனுக்கு இங்க என்ன வேலைன்னு சில தோழர்கள் நினைக்கலாம். நம்ம பிள்ளைகள் ஃபிட்டர், எலெக்ட்ரீசியன் படிச்சிட்டு சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கேரளாவுக்கும் வண்டி ஏறுதாங்க. அதில் கொஞ்சப் பேர் லிஃப்ட் காண்ட்ராக்டரிடம் ஹெல்ப்பராகச் சேர்கிறார்கள். குழிக்குள் முதலில் இறங்குவது அவர்கள்தான். அதனால் இது நம்ம விஷயம். சாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறவர்கள் லிஃப்ட் குழியையும் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும்.

லிஃப்ட்டில் ஏறுகிறவருக்குக் கதவும் பொத்தானும்தான் தெரியும். சுவரோடு மேலிருந்து கீழ்வரை இரண்டு பக்கமும் இரும்புத் தண்டவாளம் போகிறது. கைடு ரெயில் என்போம். அதைக் கவ்விக்கொண்டுதான் பெட்டி ஏறுகிறது, இறங்குகிறது. அப்படிக் கவ்வுகிற சின்னப் பொருளுக்குப் பெயர் கைடு ஷூ. பெட்டிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. எதிர்ப்பக்கம் தொங்குகிற கவுண்டர் வெயிட்டுக்கும் அதேபோல் நான்கு. ஷூவுக்குள் நைலான் மாதிரி ஒரு லைனர் இருக்கும். ரெயிலின் மூன்று முகத்தையும் தொட்டுக்கொண்டு வழுக்கிப் போகும். வேகமாக ஓடும் லிஃப்ட்டுகளில் லைனருக்குப் பதில் ரப்பர் உருளைகள் இருக்கும்.

ஷூ என்றதும் எனக்குச் சிரிப்பு வரும். ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்னைக்கு லிஃப்ட்டுக்கு ஷூ மாட்டுதோம். ஆனா மாட்டுகிறவனுடைய காலில் முனையில் இரும்பு வைத்த பாதுகாப்புச் செருப்பு இருக்கா? நிறைய இடங்களில் ரப்பர் செருப்புதான்.

லைனர் தேய்ந்தால் லிஃப்ட்டே சொல்லிவிடும். பெட்டி பக்கவாட்டில் ஆடும். தண்டவாள இணைப்பைத் தாண்டும்போது 'டொக்'கென்று சத்தம் வரும். ரெயிலில் கறுப்பாகத் தூள் படிந்திருக்கும். எண்ணெய்க் கிண்ணம் வற்றியிருக்கலாம். புதுக் கட்டடத்தின் சிமெண்டுத் தூள் லைனரை அரத்தால் ராவுவதுபோல் ராவியிருக்கலாம். பாரத்தை எப்போதும் ஒரே பக்கமாக ஏற்றியிருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் லைனரை மட்டும் மாற்றினால் அதுவும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

அவசரக்காரன் ஒரு வேலை செய்வான். பெட்டி ஆடுதுல்லா, ஷூவை இறுக்கிவிடுவோம் என்பான். சத்தம் அன்னைக்கு நிற்கும். லைனர் ரெயிலை இறுகப் பிடித்து உரசிச் சூடேறும், மோட்டார் திணறும். பெட்டி கோணலாகத் தொங்குகிறது என்றால் முதலில் அதன் எடையைச் சமன் செய்ய வேண்டும். கோணலை இறுக்கி நேராக்க முடியாது. கம்பெனிப் புத்தகம் சொல்லும் இடைவெளியை இரண்டு பக்கமும் சமமாக, ஃபில்லர் கேஜ் வைத்துப் பார்த்து விட வேண்டும். உருளை ஷூ என்றால் உருளை ரெயிலைத் தொட வேண்டும், கையால் சுற்றினாலும் சுற்ற வேண்டும். வழுக்கும் ஷூவுக்கு ரெயிலில் எண்ணெய் வேண்டும். உருளை ஷூ ஓடுகிற ரெயில் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்து ரப்பரைக் கெடுத்தவர்கள் உண்டு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1854-ல் நியூயார்க்கில் எலிஷா ஓடிஸ் என்பவர் ஒரு மேடையில் ஏறி நின்று, அதைத் தூக்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை விழவில்லை. பக்கத்துத் தண்டவாளத்தின் பற்களில் கொக்கி மாட்டி நின்றது. இன்றைக்கும் கயிறு அறுந்தாலோ வேகம் மீறினாலோ சேஃப்டி கியர் என்கிற தாடை ரெயிலைத்தான் கடித்து நிற்கிறது. ஷூ தேய்ந்து பெட்டி விலகினால் அந்தத் தாடைக்கும் ரெயிலுக்கும் உள்ள இடைவெளி மாறிப்போகும். சும்மா ஓடும்போதே உரசலாம். ஆகவே இதை வெறும் சத்தம் நிறுத்துகிற வேலையாக நினைக்கக் கூடாது. ஏறுகிறவரின் உயிரும் இதில் இருக்கிறது, மாட்டுகிறவனின் உயிரும் இருக்கிறது.

மாட்டுகிறவன் எப்படிச் சாகிறான்? பெட்டி கீழே விழும் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். கணக்கு வேறு. கவுண்டர் வெயிட்டின் எடை, காலிப் பெட்டியின் எடையோடு முழுப் பாரத்தில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்தது. அதனால் ஆள் இல்லாத பெட்டியைவிட எதிர்ப்பக்கம் கனம். பிரேக் நழுவினால் காலிப் பெட்டி மேலேதான் போகும். அதன் தலையில் நிற்கிறவனை மேல் தளத்தோடு நசுக்கும். நடுவழியில் கவுண்டர் வெயிட் எதிரே உரசிக்கொண்டு போகும்போது, எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற தலை என்னாகும்? 'நான் ஓரமாத்தான நிக்கேன்' என்பது அங்கே செல்லாது.

அதனால் வரிசை ஒன்று உண்டு. மனப்பாடம் செய்யுங்கள், அடுத்தவனுக்குச் சொல்லுங்கள்.

தனியாகப் போகாதே. இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

பெட்டித் தலையில் கால் வைக்கும் முன்பே, தளத்தில் நின்றபடி ஸ்டாப் சுவிட்சை அழுத்து. வண்டி நகரவில்லை என்று சோதித்துப் பார். பிறகு இன்ஸ்பெக்‌ஷன் சுவிட்சைப் போடு. அதையும் சோதி. அப்புறம்தான் ஏறு. வண்டியை நகர்த்தும் பொத்தான் உன் கையில் மட்டும் இருக்க வேண்டும்.

வேலை செய்யும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுவந்ததும் மெயின் சுவிட்சை அணை. அதில் உன் பூட்டைப் போடு. 'ஆள் வேலை செய்கிறார்' என்று அட்டை தொங்கவிடு. சாவியை உன் பையில் போடு. மேஸ்திரி பையிலும் இல்லை, வாட்ச்மேன் மேசையிலும் இல்லை, உன் பையில். திரும்பி வந்து பொத்தானை அமுக்கி, ஓடவில்லை என்று பார்.

பிரேக்கை மட்டும் நம்பாதே. கம்பெனி சொல்கிறபடி சேஃப்டி கியரைக் கடிக்கவைத்தோ, செயினால் கட்டியோ, முட்டுக் கொடுத்தோ பெட்டி மேலேயும் கீழேயும் நகராமல் நிறுத்து. கவுண்டர் வெயிட்டின் ஷூவைத் தொடுவதானால் அதற்கும் இதே கட்டு வேண்டும். கீழ் ஷூவுக்காகக் குழியில் இறங்கினால் அங்குள்ள ஸ்டாப் சுவிட்சை முதலில் அழுத்து. விளக்கும் ஏணியும் வேண்டும். முட்டுக் கொடுக்காத பெட்டிக்குக் கீழே தலையை நீட்டாதே.

ஒரு நேரத்தில் ஒரு ஷூ மட்டும் கழற்று. இருந்த இடத்தைத் தட்டில் கோடு போட்டுக் குறித்துவை. உள்ளே எத்தனை ஷிம் தகடு இருந்தது என்று எண்ணி வை. புது லைனரை மாட்டி, இடைவெளி பார்த்து, போல்ட்டை முறுக்கிய பிறகே அடுத்ததைத் தொடு. நான்கையும் ஒன்றாகக் கழற்றினால் நேரம் மிச்சம் என்பார்கள். கேட்காதே. எல்லாம் முடிந்ததும் சேஃப்டி கியர் இடைவெளியைப் பார். கருவிகளை எண்ணி எடு. மெதுவான வேகத்தில் அடியிலிருந்து நுனிவரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்த பிறகுதான் சனங்களை ஏறவிடு. கதவுப் பூட்டில் ஜம்பர் வயர் போட்டிருந்தால் அதை எடுக்காமல் வீட்டுக்குப் போகாதே.

இவ்வளவுதான். இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. அப்படியென்றால் நம்ம பையன்களுக்கு ஏன் இதை யாரும் சொல்லித்தருவதில்லை?

நான் பார்த்த செட்டுகளில் நடப்பதைச் சொல்கிறேன். கன்ட்ரோல் பேனலைத் திறக்கிறவர் ஒருத்தர். புத்தகம் அவர் பெட்டியில் இருக்கும். குழியில் தண்ணீர் இறைக்க, ரெயில் துடைக்க, ஷூ கழற்ற வேறொருத்தன். அவன் ஊர் எது, தெரு எது என்று முதல் நாளே விசாரித்திருப்பார்கள். பல வருசம் வேலை பார்த்தாலும் அவனுக்குப் பெயர் ஹெல்ப்பர்தான். சாதி என்பது வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாக அடுக்கியிருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-ல் எழுதினார். அந்த அடுக்கு கிராமத்தோடு முடிந்துவிட்டதா? நெடுமாடியின் குழிக்குள்ளும் இருக்கிறது. சாவி ஒருத்தன் பையில், கழுத்து இன்னொருத்தனுடையது.

குற்றாலத்தில் சாரல் இறங்கினால் லாட்ஜுகள் நிறைந்துவிடும். மழைக்காலத்தில் லிஃப்ட் குழிகளில் தண்ணீர் ஊறும். சீசன் நேரம், வண்டியை நிறுத்த முடியாது, ஓடிக்கொண்டே இருக்கட்டும், சீக்கிரம் பார் என்பார்கள். தண்ணீர் நிற்கிற குழியில் ஈரக் காலோடு கரண்டுப் பக்கத்தில் ஆளை இறக்குவது என்ன வேலை? மலக்குழி நமக்குத் தெரியும். 2013-ல் தடைச் சட்டம் வந்தது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. இருந்தும் சாவு நிற்கவில்லை. லிஃப்ட் குழி மலக்குழி அல்ல. ஆனால் 'அவன் இறங்குவான்' என்கிற எண்ணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

2023 செப்டம்பர் 10-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் தானே நகரில் கட்டி முடிந்திருந்த ஒரு 40 மாடிக் கட்டடத்தில், மொட்டைமாடியில் நீர்க்கசிவு தடுக்கும் வேலை முடித்து இறங்கிய 7 தொழிலாளர்கள் லிஃப்ட் விழுந்து செத்தார்கள். கட்டடம் நின்றது. கட்டியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. தமிழ்நாட்டில் லிஃப்ட்டுக்கென்று 1997-ல் சட்டம் வந்தது. உரிமம் வேண்டும், மின் ஆய்வுத் துறை சோதிக்க வேண்டும். பெட்டிக்குள் '6 பேர், 408 கிலோ' என்று எழுதியிருக்கும். ஆளுக்கு 68 கிலோ கணக்கு. ஏறுகிறவரின் எடையை எழுதிவைத்தவர்கள், பெட்டித் தலையில் நிற்கிறவனைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறார்கள்? வேலையில் அடிபட்டால் நட்ட ஈடு கேட்கும் உரிமை 1923-லேயே சட்டமானது. சட்டங்களின் பெயரும் தொகுப்பும் மாறினாலும் அந்த உரிமை போய்விடவில்லை. காண்ட்ராக்டர் ஆள் என்று கைகழுவினால், வேலையைக் கொடுத்த முதல் முதலாளியையும் கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு வருகைப் பதிவேட்டில் உன் பெயர் இருக்க வேண்டும். சேர்ந்த முதல் நாளே அதைப் பார்.

மேலே போவதற்கான வாசலை யார் திறப்பது என்பது நமக்குப் புதுக் கேள்வி அல்ல. பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே 1936 நவம்பர் 12-ல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. பிரிட்டிஷ் மாகாணத்தில் இருந்த தென்காசிப் பக்கம் அன்றைக்கு அந்த உரிமை இல்லை. எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இரண்டு ஊர். வாசல் சாவி வைத்திருந்தவன் யார் என்பதைப் பொறுத்து ஒரே சனத்துக்கு இரண்டு விதி. இன்றைக்கு மாநகர அடுக்குமாடிகளில் 'வேலைக்காரர்கள் இந்த லிஃப்ட்டில் ஏறக் கூடாது' என்று போர்டு மாட்டுகிறார்கள். ஷூ மாட்டி ஓடவைத்தவனுக்கே அதில் இடம் இல்லை.

அம்பேத்கர் 1942-ல் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றார். அந்த வருசமே அரசுக்குக் கொடுத்த மனுவில், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி கேட்டார். 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தானே இறங்கிப் பார்த்தார். வக்கீல் படிப்பு மட்டும் கேட்டவர் அல்ல அவர், ஸ்பேனரையும் கேட்டார். இயந்திரத்தின் அறிவு யாரிடம் இருக்கிறதோ அவனிடம்தான் கட்டளையும் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அதனால் மூன்று காரியம் கேட்கிறேன். மாணவத் தோழர்கள் லிஃப்ட் கம்பெனிகளின் பராமரிப்புப் புத்தகங்களைத் தமிழில் எளிமையாக எழுதித் தாருங்கள். கவிதை எழுதுகிற கைகள் இதையும் எழுதட்டும். இயக்கத் தோழர்கள் சேரிகளில் நடத்தும் இரவுப் பள்ளிகளில் பூட்டுப் போடும் வரிசையைச் சொல்லிக்கொடுங்கள். வேலைக்குப் போகிற தம்பிகளே, வேலைக்குச் சேருமுன் ஒரு பூட்டு வாங்குங்கள். சாதாரணப் பூட்டுதான். பூட்டுப் போட விடவில்லை என்றால் இறங்க மாட்டேன் என்று சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் வேலை போகும் என்பது தெரியும். அதனால்தான் சங்கம் வேண்டும் என்கிறோம். ஒருத்தன் மறுத்தால் திமிர் என்பான். செட்டே மறுத்தால் பூட்டு வாங்கித் தருவான்.

நம்ம கழுத்து, நம்ம சாவி. அது நம்ம பையில் இருக்கட்டும்.

ஜெய் பீம்.