துந்திராவுக்குக் குளிர்காலமும் உண்டு



அழைப்பிதழில் அச்சாகியிருக்கும் பொருள் ‘வெப்பமாகும் உலகில் வடபுலத் தாவரங்கள்’. தலைமையுரை அந்தப் பொருளை முழுக்க அலசி, வாசிக்கப்போகும் எல்லாக் கட்டுரைகளையும் வஞ்சனையில்லாமல் வாழ்த்திவிட்டு உட்கார வேண்டும் என்பது மரபு. இந்த நாற்காலி பெரிய கௌரவம். கூடவே கொஞ்சம் நடுக்கமும் வந்திருக்கிறது. தலைவரின் பழைய சண்டைகளை அறிந்தவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். ஆகவே பொதுப்பொருளைச் சட்டென்று முடித்துவிட்டுச் சண்டைக்குப் போவதே நேர்மை.

1979 முதல் ஆர்க்டிக் பகுதி, உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறிவருகிறது. 1940களின் இறுதியில் எண்ணெய் தேடிய அமெரிக்கக் கடற்படை, வடக்கு அலாஸ்காவை விமானத்திலிருந்து படமெடுத்தது. அரை நூற்றாண்டு கழித்து மாத்யூ ஸ்டர்ம், சார்லஸ் ராசின், கென் டேப் மூவரும் அதே இடங்களை மறுபடி படமெடுத்து ஒப்பிட்டார்கள். ஆல்டர், வில்லோ, குட்டை பிர்ச் புதர்கள் பெருகியிருந்தன. 117 இடங்களின் அளவீடுகளைத் திரட்டிய 2018ஆம் ஆண்டு ஆய்வு, துந்திராவில் செடிகளின் உயரம் கூடிவருவதை உறுதிசெய்தது. காட்டில் கதை வேறு. உள் அலாஸ்காவின் வெள்ளை ஸ்புரூஸ் மரங்கள் வெப்பமான ஆண்டுகளில் நீரில்லாமல் வளர்ச்சி குன்றுவதை பார்பர், ஜூடே, ஃபின்னி ஆகியோர் 2000இலேயே ஆண்டு வளையங்களில் கண்டார்கள். 2007இல் அனாக்டுவுக் ஆற்றங்கரையில் ஆயிரம் சதுர கிலோமீட்டர் துந்திரா எரிந்தது. இதெல்லாம் இந்த அவைக்குப் பாலபாடம்.

இனிச் சண்டை.

இத்துறையின் அறிவில் பெரும்பகுதி ஒரு கூண்டிலிருந்து வந்தது. 1990இல் மிச்சிகனில் கூடிய ஆய்வாளர்கள் பன்னாட்டுத் துந்திராச் சோதனையைத் தொடங்கியபோது, மலிவான, மின்சாரம் கேட்காத கருவி தேவைப்பட்டது. மேல்பக்கம் திறந்த, ஒளி ஊடுருவும் அறுகோணக் கூண்டு அப்படித்தான் வந்தது. உள்ளே கோடை வெப்பம் ஒன்று முதல் மூன்று டிகிரி வரை கூடும். எல்ஸ்மியர் தீவிலும் ஸ்வால்பார்டிலும் ஒரே கூண்டு, ஒரே முறை என்பதால் ஒப்பிட முடிந்தது. அதன் அருமையை மறுப்பவர் யாருமில்லை. ஆனால் பல இடங்களில் கோடை முடிந்ததும் கூண்டைக் கழற்றி அடுக்கிவைத்துவிடுகிறார்கள். கழற்றாமல் விட்டாலும் அதற்குள் துருவமான் நுழைந்து மேயாது. ஆக, கூண்டு காட்டுவது மான் இல்லாத ஊரின் கோடையை.

அடுத்தது ஊர்க் கணக்கு. ஆர்க்டிக் ஆய்வுகளில் மேற்கோள் காட்டப்படுபவை எங்கே நடந்தவை என்று மெட்காஃபும் சகாக்களும் 2018இல் எண்ணினார்கள். அலாஸ்காவின் டூலிக் ஏரி, சுவீடனின் அபிஸ்கோ என்ற இரண்டே நிலையங்களைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் செய்த ஆய்வுகள் மொத்த மேற்கோள்களில் 31 விழுக்காடு. ஆர்க்டிக் நிலத்தில் ஏறத்தாழ பாதி ரஷ்யாவுடையது. 2022க்குப் பிறகு அங்கே மேற்கத்திய ஆய்வாளர்கள் போவதே அரிதாகிவிட்டது. நல்ல படுக்கையும் சூடான சாப்பாடும் இருக்கும் இடத்தில்தான் அறிவியல் வளரும் என்றால் அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு ஊர்களை ஆர்க்டிக் என்று அழைப்பதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம்.

அபிஸ்கோவைக் குறை சொன்ன வாயாலேயே அதைப் புகழவும் வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தை நேராகச் சோதித்த முதன்மையான சோதனைகளில் ஒன்று அங்கேதான் நடந்தது. ஸ்டெஃப் போகோர்ஸ்ட், கேரத் ஃபீனிக்ஸ் குழுவினர் பனிமூடிய நிலத்தின்மேல் அகச்சிவப்பு விளக்குகளைத் தொங்கவிட்டு, நடுக்குளிரில் சில நாள் பனியை உருக்கி, பிறகு அணைத்துவிட்டார்கள். போர்வையை இழந்த செடிகள் திரும்பிவந்த குளிரில் கருகின. இது செயற்கை என்று சொல்ல வாய்ப்பில்லாதபடி 2007 டிசம்பரில் இயற்கையே அதைச் செய்துகாட்டியது. வடக்கு ஸ்காண்டிநேவியாவில் திடீரென்று இளஞ்சூடு, பனி உருகல், மறுபடி உறைதல். அடுத்த கோடையில் குரோபெரிப் புதர்கள் பழுப்பாகி நின்றன. 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பாதிப்பு. செயற்கைக்கோளின் பசுமைக் குறியீடு அங்கே 26 விழுக்காடு சரிந்தது. கோடையில் வெப்பம் கூடினால் செழிக்கும் அதே செடி, சில நாள் குளிர்காலச் சூட்டில் செத்தது.

இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ நிலையம் 2008 முதல் ஸ்வால்பார்டின் நி-ஆலெசுண்டில் இருப்பதால், நம்மவர்க்கும் இந்தக் குளிர்காலச் சூடு தூரத்துச் செய்தி அல்ல. 2012 ஜனவரி இறுதியில் அந்தத் தீவுக்கூட்டத்தில் மழை கொட்டி, தரையோடு தரையாகப் பனிக்கட்டி இறுகியது.

ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் நடந்தது இன்னும் கொடுமை. 2013 நவம்பரில், பனி விழுந்து மூடியிருந்த மேய்ச்சல் நிலத்தில் ஒரு நாள் முழுக்க மழை பெய்தது, பிறகு கடுங்குளிர். பனிக்குள் இறங்கிய நீர் கட்டிப்போய், கீழிருந்த லைக்கனையும் செடிகளையும் துருவமான்கள் குளம்பால் தோண்டி எடுக்க முடியாமல் போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் 61,000 மான்கள் பட்டினியால் செத்தன. மந்தையை இழந்த நெநெத்ஸ் மேய்ப்பர்கள் மீன்பிடித்து வயிறு வளர்த்தார்கள். உறவினரிடம் சினைமான் இரவல் வாங்கி மறுபடி தொடங்கினார்கள்.

இந்த நிகழ்வைப் பதிவுசெய்த புரூஸ் ஃபோர்ப்ஸ் குழு, மேய்ப்பர்களின் சொல்லைச் சான்றாக எடுத்துக்கொண்டது. தலைவரின் செல்லச் சான்று இதுதான். இனி வரும் சில நிமிடங்களுக்கு அவை பொறுத்தருள வேண்டும். வடமேற்கு ரஷ்யத் துந்திராவில் வில்லோப் புதர்கள் உயர்ந்துவிட்டதாகவும், உள்ளே போன மான்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்றும் மேய்ப்பர்கள் சொல்லிவந்தார்கள். மான் மறைந்தால் மந்தை எண்ணிக்கை தப்பும். ஆகவே அது அவர்களுக்குப் பிழைப்புப் பிரச்சினை. ஃபோர்ப்ஸும் சகாக்களும் அங்கே வில்லோத் தண்டுகளை வெட்டி வளையங்களை அளந்தார்கள். 2010இல் வெளியான முடிவில், வளையங்கள் கோடை வெப்பத்தோடும் செயற்கைக்கோள் பதிவோடும் ஒத்துப்போயின. மேய்ப்பர்களின் பேச்சும் ஒத்துப்போயிற்று.

இதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம், வளையம் மேய்ப்பரை மெய்ப்பித்தது என்பது. முறைப்படி பார்த்தால் மேய்ப்பர் முதலில் சொன்னார். வளையம் பின்னால் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் இதே வாதத்தை எழுதிய ஒரு கட்டுரையை, ‘கேள்விச் செய்தி தரவு ஆகாது’ என்ற ஒரு வரியோடு திருப்பியனுப்பிய மதிப்பீட்டாளர் இன்று அவையில் இருக்கக்கூடும். அவருக்கு அன்பான வணக்கம். விமானத்திலிருந்து ஒரு நாள் எடுத்த கடற்படைப் படம் தரவு. ஆண்டு முழுவதும் அங்கேயே மந்தையோடு நடப்பவர் சொல்வது கேள்விச் செய்தி. இந்த வரிசையை விளக்கினால் நன்றாயிருக்கும்.

மேய்ப்பரைக் கேட்டால் மானும் கணக்கில் வந்துவிடும். மேற்கு கிரீன்லாந்தின் காங்கர்லுசுவாக்கில் எரிக் போஸ்ட், கூண்டையும் வேலியையும் சேர்த்துப் பரிசோதித்தார். வேலிக்குள், மேய்ச்சல் இல்லாத இடத்தில், வெப்பம் கூடியபோது குட்டை பிர்ச் ஓங்கி வளர்ந்தது. வெளியே கரிபு மானும் கஸ்தூரி எருதும் மேய்ந்த இடத்தில் அந்த வளர்ச்சி அடங்கிவிட்டது. அதே வெப்பம், வேறு நிலம். அப்படியானால் யமாலில் மழையால் மந்தை அழிந்தபின் வில்லோ என்ன செய்யும்? தளிரிலேயே கடிபட்ட புதர், ஆள் உயரம் தாண்டிவிட்டால் மானின் வாய்க்கு எட்டாது. ஒரு நவம்பர் மழை, பத்தாண்டு கழித்து ஒரு புதர்க்காடாகத் தெரியலாம். அப்போது செயற்கைக்கோள் அதைக் கோடை வெப்பத்தின் கணக்கில் எழுதிவிடும்.

புதர் வந்தபின் மண்ணுக்கு என்ன ஆகும் என்ற சச்சரவும் இப்படித்தான் இரு கட்சியாகிவிட்டது. புதர் பனியைப் பிடித்துவைக்கும், பனி மண்ணுக்குக் குளிர்காலத்தில் கதகதப்புத் தரும், நுண்ணுயிர்கள் தழைச்சத்தை விடுவிக்கும், புதர் மேலும் வளரும் என்பது ஸ்டர்ம் கட்சி. சைபீரியாவின் கிதாலிக்கில் டான் ப்ளோக் குழு குட்டை பிர்ச்சை வெட்டி நீக்கியபோது, நிழல் போன உறைமண் கோடையில் இன்னும் ஆழமாக உருகியது. பின்னாளில் பிர்ச் நீக்கிய அந்த நிலத்துண்டுகள் அமிழ்ந்து குட்டைகளாயின. ஒரு கட்சி ஜனவரியைப் பார்க்கிறது, மறுகட்சி ஜூலையைப் பார்க்கிறது. ஒரே துண்டு நிலத்தில் பன்னிரண்டு மாதமும் வெப்பமானியை விட்டுவைத்து, பக்கத்தில் மேய்ச்சலையும் அனுமதிக்கும் சோதனைகள் பெருகாதவரை இரு கட்சியும் தத்தம் இதழ்களில் வென்றுகொண்டே இருக்கும்.

எனவே தலைமையின் கோரிக்கைகள் இவை. இந்த மாநாட்டின் தீர்மானத்தில் ‘பசுமை கூடுகிறது’ என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் எந்த மாதம், எந்த மேய்ச்சல் என்று சேர்த்து எழுத வேண்டும். மேய்ப்பர்களின் சாட்சியத்தை நன்றியுரைப் பத்தியிலிருந்து சான்றுப் பகுதிக்கு மாற்ற வேண்டும். நிரலைப் பார்த்தால் காலை அமர்வின் கட்டுரைகள் அனைத்தும் கோடை அளவீடுகள். கேள்வி நேரத்தில் தலைவர் ஒவ்வொருவரிடமும் நவம்பரைப் பற்றியே கேட்கப்போகிறார் என்பதை இப்போதே அறிவித்துவிடுவது நல்லது. முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.