வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள்?



நம் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை நெய்ய இருவர் வேண்டும். ஒருவர் குழியில் உட்கார்ந்து நெய்வார்; மறுபக்கக் கரைக்கு நாடா போட இன்னொருவர். பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவிதான். கணவர் பக்கவாதத்தில் விழுந்தால் தறி நிற்கும், கூலி நிற்கும். மனைவியின் வேலை மட்டும் நிற்காது. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். இராத்திரியிலும் அதே கணக்குதான்.

அந்த அம்மாவுக்கே மார்பில் புற்று என்றால்?

காரப்பேட்டையில் அண்ணா பெயரில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளையான அண்ணா அந்த நோயால் மறைந்த 1969ஆம் ஆண்டிலேயே அது தொடங்கப்பட்டது. பக்கத்திலேயே வைத்தியம் இருப்பது நமக்குப் பெரும்பேறு. ஆனாலும் அந்த அம்மா நாளைத் தள்ளிப்போடுவார். கரண்டு வைப்பதென்றால், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால், வாரத்துக்கு ஐந்து நாள், அதுவும் பல வாரங்கள். அதுவரை படுத்திருக்கும் கணவரை யார் பார்ப்பது? அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தபின், அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது என்பார் மருத்துவர். வீடு திரும்பியதும் அவர் தூக்க வேண்டியது கணவரை!

நாமோ அவரைத் தெய்வம் என்கிறோம். கும்பிட்டுவிட்டு நம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தப் புகழ்ச்சியைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மனைவியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தன் நோயை மறைத்துக்கொண்டிருக்கும் கணவர்களும் இந்த ஊரில் உண்டு. அவர்கள் வெளியே சொல்லவே கூச்சப்படுகிறார்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை வைத்தியத்தையும் வலிதணிப்புச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இரண்டும் நல்லவை. ஆனால் பார்த்துக்கொள்கிறவரே நோயாளியாக வந்து நிற்கும்போது, ‘கூட யார் வந்திருக்கிறார்கள்?’ என்றுதான் ஆஸ்பத்திரியில் கேட்கிறோம். ‘உங்களை நம்பி வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள்?’ என்று கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைச் சீட்டு எழுதும் இடத்திலேயே கேட்க வேண்டும். ஆள் உண்டு என்றால், அன்றே வீட்டுக்கு வரும் மருத்துவக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். இதை மனுவாக எழுதி ஆட்சியரிடம் கொடுப்போம். நம் பங்குக்கு, தெருவுக்கு நாலு பேர் படுத்திருப்பவரைப் புரட்டவும் தூக்கி உட்கார வைக்கவும் செவிலியரிடம் கற்றுக்கொள்வோம். வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் பெயரையும், எந்த நேரத்தில் வர முடியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.