ஹெக்கோடும் தாம்பரமும்: ஊரார் அமைக்கும் கலைப்பட அரங்கு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடத் தொடங்குமுன் இளங்கோவடிகள் அரங்கைக் கட்டி முடித்துவிடுகிறார். ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம் என அளவு கூறுகிறார். மூவகை எழினி கூறுகிறார். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்டதையும் விடாது கூறுகிறார். கலைக்கு இடம் சமைப்பது கொத்தனார் வேலை என்று அவர் ஒதுக்கவில்லை. திரைப்படக் கலைக்கு அப்படி ஓர் இடத்தை, இலாபம் கருதாமல், ஊரார் தாமே அமைத்துக்கொள்ள இயலுமா என்பதே இங்கு எழும் வினா. இயலும் என்பதற்குச் சான்று அண்டை மாநிலத்தில் இருக்கிறது.

கருநாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், சாகர் என்னும் ஊரை அடுத்து, பாக்குத் தோப்புகளுக்கிடையே ஹெக்கோடு என்றொரு சிற்றூர். அங்கு 1949இல் ஊரார் கூடி நீலகண்டேஸ்வர நாட்டிய சேவா சங்கத்தைத் தொடங்கினர். அதன் சுருக்கப் பெயர் நீநாசம். தமிழ்ச் செவிக்குச் சற்றே அச்சமூட்டும் பெயர்தான். ஆயினும் அது ஆக்கிய நன்மை மிகுதி. அதன் உயிராக விளங்கிய கே. வி. சுப்பண்ணா மைசூரில் குவெம்புவிடம் பயின்றவர், பாக்கு விவசாயி, அட்சர பிரகாசனம் என்னும் பதிப்பகத்தை நடத்தியவர். இலக்கியமே அவருடைய தாய்வீடு. 1972இல் சிவராம காரந்தரின் பெயரால் ஹெக்கோட்டில் ஓர் அரங்கம் எழுந்தது. மறு ஆண்டே, 1973இல், நீநாசத்தின் திரைப்படச் சங்கம் பிறந்தது. இவ்வரிசை கருதத்தக்கது. முதலில் கூரை, பிறகு படம்.

புனேயில் 1964இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி. கே. நாயரும், திரைப்பட இரசனையைப் பாடமாக்கிய பேராசிரியர் சதீஷ் பகதூரும் அவருக்குத் துணைநின்றனர். படச்சுருள்கள் ஹெக்கோட்டுக்கு வந்தன. 'பதேர் பாஞ்சாலி'யையும், இத்தாலியரின் 'சைக்கிள் திருடர்க'ளையும், குரோசாவாவின் 'ரஷோமோ'னையும் உழவர்கள் கண்டனர். நாயரைப் பற்றி 2012இல் வெளிவந்த 'செல்லுலாய்ட் மேன்' ஆவணப்படத்தில் அவ்வூரார் அப்படங்களை நினைவுகூர்வதைக் காணலாம். ஓர் இத்தாலியத் தொழிலாளியின் மிதிவண்டி களவுபோன துயரம் மலைநாட்டுப் பாக்கு உழவனுக்கு விளங்காது என்று எண்ணுவோர், உழவனையும் அறியார், துயரத்தையும் அறியார்.

நீநாசம் 1980இல் நாடகப் பள்ளியும், 1985இல் 'திருகாட்ட' என்னும் ஊர்சுற்றும் நாடகக் குழுவும் கண்டது. சுப்பண்ணாவுக்கு 1991இல் மகசேசே விருது கிடைத்தது. அவர் 2005இல் மறைந்த பின்னரும் நிறுவனம் நிற்கிறது. தனிமனிதர் ஒருவரின் ஆர்வம் பல்லாண்டு நீடிக்கலாம். அவருக்குப் பின்னும் பணி நிற்க வேண்டுமானால் கட்டடம், நூல், பள்ளி, பழக்கம் இவை யாவும் வேண்டும்.

சென்னையிலும் முயற்சி குறைவில்லை. 1947இல் சத்தியஜித் ராயும் நண்பர்களும் கல்கத்தாத் திரைப்படச் சங்கத்தைத் தொடங்கிய பத்தாண்டில், 1957இல், அம்மு சுவாமிநாதனின் முனைப்பால் மெட்ராஸ் பிலிம் சொசைட்டி தோன்றியது. 1959இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது அதிலும் சென்னை பங்கு கொண்டது. 2003 முதல் சென்னைப் பன்னாட்டுத் திரைப்பட விழாவும் நடைபெற்று வருகிறது. ஆனால் இவையெல்லாம் நகரின் நடுவே நிகழ்ந்தவை. கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் இங்குக் குடிபெயர்ந்தது. 2021இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆயிற்று. இத்தனைக்குப் பிறகும் குரோம்பேட்டைக்காரர் ஓர் உலகப் படத்தைத் திரையில் காண நகருக்குள் பயணம் செய்ய வேண்டும்; படம் முடிந்ததும் விவாதத்துக்கு நில்லாமல் கடைசி வண்டிக்கு ஓட வேண்டும். விவாதமே இச்சங்கங்களின் உயிர். புறநகர் வாசிக்கு அது மறுக்கப்படுகிறது.

இதனால் நேர்ந்த இழப்புக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஜான் ஆபிரகாம் 1977இல் தமிழில் இயக்கிய 'அக்ரஹாரத்தில் கழுதை'க்குத் திரைக்கதை எழுதியவர் திறனாய்வாளர் வெங்கட் சாமிநாதன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. வணிகத் திரையரங்கோ அதை வரவேற்கவில்லை. தமிழ்த் திறனாய்வாளர் ஒருவரின் படைப்பைத் தமிழ் இலக்கிய வாசகரே காணாதிருந்தனர் என்பது நாணத்தக்க செய்தி. அதே ஜான் மலையாளத்தில் 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தபோது பொதுமக்களிடம் நிதி திரட்டியே முடித்தார்.

ஹெக்கோட்டை அப்படியே தாம்பரத்தில் நடுவது இயலாது. அங்கு ஊரார் ஒருவரை ஒருவர் அறிவர். இங்கு அடுத்த வீட்டாரே வேற்றூரார். நிலத்தின் விலையோ வேறு. தனிக் கட்டடம் பின்னர் வரலாம். தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தின் மண்டபமோ கல்யாண மண்டபத்தின் மேல்மாடியோ மாதம் இருமுறை, நாள் தவறாமல் கிடைத்தால் போதும். ஆனால் அது இருட்டாக வேண்டும். மாதவியின் அரங்கில் நிழல் விழலாகாது. இவ்வரங்கில் வேற்றொளி விழலாகாது. சன்னல்களுக்குக் கறுப்புத் துணி தைப்பதிலிருந்தே வேலை தொடங்குகிறது.

சங்கப் பதிவுக்கு 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் உள்ளது. நிரந்தரத் திரையரங்கு என்றால் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். படச்சுருளின் காலம் போய்க் கணினிக் கோப்பின் காலம் வந்தமையால் பெட்டி சுமக்கும் பாடு ஒழிந்தது. உரிமையாளரிடம் அனுமதி பெறும் கடமை ஒழியவில்லை. கடையில் வாங்கிய குறுந்தட்டைப் போட்டுக்காட்டிவிட்டு அதைக் கலைத்தொண்டு என்பது முறையன்று. கவிதையை அனுமதியின்றி அச்சிட்டால் கவிஞருக்கு எப்படியோ, அப்படியே இதுவும். நன்கொடையாளர் ஒருவரை நம்பித் தொடங்குவதினும் நூறு உறுப்பினர்களின் ஆண்டுச் சந்தா உறுதியானது. பெருங்கொடையாளர் விலகும்போது அரங்கும் அவருடனே போய்விடும்.

மொழி என்னும் தடை ஒன்று எஞ்சுகிறது. பெரும்பாலான அயற்படங்கள் ஆங்கில எழுத்துகளுடனே கிடைக்கின்றன. சுப்பண்ணா திரைப்படம் பற்றிய நூல்களையும் கன்னடத்தில் கொண்டுவந்தார். தாம்பரத்திலும் ஒவ்வொரு படத்துக்கும் நான்கு பக்கத் தமிழ்க் குறிப்பு முன்கூட்டியே அச்சாகி உறுப்பினர் கைக்கு வரவேண்டும். உரையாடல்களைச் செறிவான தமிழில் பெயர்த்துத் திரையின் அடியில் ஓடவிட வேண்டும். இரண்டு வரிக்குள், படிக்கக் கிடைக்கும் நொடிகளுக்குள், பேசுபவரின் குரல் கெடாமல் சொல்லி முடிக்கும் அப்பணிக்குக் குறளின் அளவறிந்த கவிஞர்களைவிடத் தகுதியுடையோர் யார்? முதற்படமாக 'அக்ரஹாரத்தில் கழுதை'யை வைத்துக்கொண்டால் மொழிபெயர்ப்பும் வேண்டியதில்லை.